புயல் பட்டியலின் பதினோராவது வரி

யுத்த காலத்தில் கொழும்பில் என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால் "விமானப் போக்குவரத்து" என்று சொல்லிக் கதையை மாற்றிவிடுவேன். உண்மையைச் சொன்னால் இன்னொரு கேள்வி வரும், அதற்குப் பின்னால் இன்னொன்று வரும், கடைசியில் எனக்கு விசர் பிடிக்கும். இன்றைக்கு நானே சொல்கிறேன். ஒரு பணக்காரரின் சொந்த ஜெட் விமானத்தை ஏழு வருடம் நான் மேய்த்தேன். மாடு மேய்ப்பதைப் போலத்தான் அந்த வேலை. வேளைக்குத் தீனி, குளிப்பாட்டு, மழைக்கு ஒதுக்கிடம், வாடகைக்குக் கேட்டு வருகிறவனோடு பேரம்.

எட்டு இருக்கைகள் கொண்ட சின்ன ஜெட். கட்டுநாயக்க விமான நிலையத்தின் ஒரு மூலையில் நிற்கும். முதலாளி கொழும்புத் தமிழர், பரம்பரைப் பணம். அவருக்கும் எனக்கும் பொதுவாக இருந்தது மொழி ஒன்றுதான். அதையும் அவர் என்னைத் திட்டும்போது மட்டும்தான் பாவிப்பார், மற்ற நேரமெல்லாம் ஆங்கிலம். மாதத்தில் நாலைந்து நாள் அவர் பறப்பார். மிச்ச நாட்களில் சும்மா நிற்கிற விமானம் தின்னுமே தவிரக் கறக்காது என்பதால் அதை வாடகைக்கு விடுவோம். இரத்தினக்கல் வாங்க வருகிறவர்கள், ஹோட்டல்காரர்கள், நாட்டுக்குச் சமாதானம் கொண்டு வருகிறோம் என்று சொல்லி வந்து மாலைதீவில் குளித்துவிட்டுப் போகிறவர்கள் எல்லோரும் எங்கள் வாடிக்கைதான். ஒரு வெள்ளைக்காரி தன் பூனைக்குத் தனி இருக்கைப் பட்டி வேண்டும் என்று மூன்று தடவை தொலைபேசி எடுத்தாள். நானும் மூன்று தடவையும் "நிச்சயமாக மேடம்" என்றேன். அதே கிழமையில் வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்து, சாரத்தோடு நின்ற மனிதர்களை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பூனைக்குப் பட்டி கட்டிய கையால் நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

நானும் தங்கச்சியும் வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்குகிற ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடி அனெக்ஸில் இருந்தோம். அவள் கொட்டாஞ்சேனையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தாள். என் வேலையால் அந்த வீட்டுக்கு வந்த வரும்படி பெரும்பாலும் மிச்சச் சாப்பாடு. பெரிய மனிதர்கள் கடித்துவிட்டு வைக்கிற விசேஷங்கள்: நீலப் பூஞ்சணம் பிடித்த சீஸ், வெளிநாட்டுச் சொக்கலேற், ஒரு தடவை முழுதாக ஒரு அவித்த இறால் தட்டு. கீழ்வீட்டு அன்ரிக்குச் சீஸ் துண்டு ஒன்று கொடுத்தேன். மணந்து பார்த்துவிட்டு, "தம்பி, குறை நினையாதேங்கோ, இது பழுதாப்போச்சு போல கிடக்கு" என்றார். தங்கச்சி விழுந்து விழுந்து சிரித்தாள். "பிளேன் அண்ணா, உங்கட சம்பளத்தைப் பூஞ்சணமாத் தாறாங்கள்" என்றாள்.

உண்மையான சலுகைகள் இரண்டு. ஒன்று என் கழுத்தில் தொங்கிய விமான நிலையப் பாஸ். சோதனைச் சாவடியில் அதைத் தூக்கிக் காட்டினால் சீருடைக்காரனின் முகம் மாறும். அடையாள அட்டையில் பிறந்த இடத்தைப் பார்த்து இறுகிய முகம் பாஸைப் பார்த்துத் தளரும். ஒழுங்கையில் சுற்றிவளைப்பு நடந்த அன்றும் அந்தப் பாஸ்தான் எங்களை வீட்டுக்குள் இருக்கவிட்டது. பக்கத்து வீட்டுப் பொடியனைக் கொண்டுபோனதை ஜன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த வெட்கத்தையும் சேர்த்துத்தான் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிந்தேன்.

மற்றது காலிப் பயணம். வாடகைக்காரரைச் சென்னையில் இறக்கிவிட்டு விமானம் வெறுமையாகத் திரும்பும், அல்லது ஏற்றுவதற்கு வெறுமையாகப் போகும். அப்படிப்பட்ட பயணத்தில் வேலைக்காரரின் குடும்பத்துக்கு வருடம் ஒரு தடவை இடம் உண்டு என்று எனக்குக் கடிதமே தந்திருந்தார் முதலாளி. நான் அதை ஒருநாளும் எடுத்ததில்லை. கேட்க ஒரு கூச்சம். தேவை வரும்போது எடுப்போம் என்று கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்திருந்தேன்.

இனி அந்த வரியின் கதை.

ஒருமுறை ஒரு வெளிநாட்டுக் கொம்பனி மாலைதீவுக்குப் போக விமானத்தை எடுத்தது. ஐந்து வெள்ளைக்காரர், ஒரு தமிழ் எஞ்சினியர். எஞ்சினியர் பிறந்தது யாழ்ப்பாணம். அந்த நாட்களில் எங்கள் விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரின் பெயரும் பிறந்த இடமும் பாதுகாப்பு அமைச்சின் அனுமதிக்குப் போகவேண்டும். அனுமதி பக்ஸ் இயந்திரத்தில் எழுத்தாகத் திரும்பி வந்தால்தான் சக்கரம் உருளும். ஐந்து பெயருக்கும் உடனே பதில் வந்தது. ஆறாவது பெயர் போன இடம் தெரியவில்லை. ஐந்து மணித்தியாலம்! எங்கள் அலுவலகச் சோபாவில், மடியில் பைலை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வெளியே நிற்பாட்டிய பிள்ளை மாதிரி அந்த மனிதர் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், வேண்டாம் என்றார். கடைசியில் அவரே எழும்பி, "நீங்கள் போங்கோ, நான் நிக்கிறன்" என்று வெள்ளைக்காரருக்கு ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு வெளியே போனார். அவர்களோ பொறுமை இழந்து முழுப் பயணத்தையும் ரத்துச் செய்துவிட்டார்கள்.

அன்றைக்கு முதலாளி தமிழில் பேசினார். "தம்பி, உமக்கு மூளை எண்டு ஒண்டு இருக்கோ? அந்த ஆளின்ர பேரைப் பாத்த உடனயே உமக்கு விளங்கயில்லையோ? உமக்கு விளங்காட்டி வேற ஆருக்கு விளங்கும்?"

உமக்கு விளங்காட்டி! அந்தச் சொல் எனக்குள் முள்ளாய்க் கிடந்தது. அந்தக் கிழமைதான் நான் புயல் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தேன். புயல் எச்சரிக்கை வந்தால் விமானத்தைக் காப்பாற்ற என்னென்ன செய்யவேண்டும் என்ற ஒழுங்கு. வானிலை நிலையத்துக்குத் தொலைபேசி, எண்ணெய் நிரப்பல், சக்கரக் கட்டைகள், எஞ்சின் வாய்க்குச் சிவப்புத் துணி மூடி, கொட்டகையில் இடம் இல்லையென்றால் எந்த நாட்டுக்குப் பறத்துவது, அங்கே இறங்க அனுமதி, தரிப்பிடம், விமானிக்கு அறை. பத்து வரி எழுதி முடித்துவிட்டு, எனக்குள் கிடந்த முள்ளை எடுத்துப் பதினோராவது வரியாக வைத்தேன்: அவசரப் புறப்பாடுகளில், மேலதிக விசாரணை தேவைப்படக்கூடிய எவரது பெயரையும் பயணிகள் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

ஒருவரும் என்னை எழுதச் சொல்லவில்லை. கவனியுங்கள், அதில் தமிழர் என்ற சொல்லே இல்லை. அவ்வளவு நாகரிகமாக எழுதினேன். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் தட்டச்சு செய்து, கீழே கையெழுத்து வைத்து, பிளாஸ்ரிக் உறை போட்டுச் சுவரில் மாட்டினேன். முதலாளி வாசித்துவிட்டு "வெரி நீற்" என்றார். காலிப் பயணக் கடிதம் தந்தது அதற்குப் பிறகுதான். அன்று எனக்குப் பெருமையும் புளுகமும் வேறு. சீ! இப்போது நினைத்தாலும் என் கன்னத்தில் நானே அறையலாம் போல இருக்கிறது.

தங்கச்சிக்கு முப்பத்தொரு வயதில் கலியாணம் சரிவந்தது. அதற்கு முன்னால் சாதகத்தாலும் சண்டையாலும் குழம்பிப்போன பேச்சுக்களை எண்ண விரல் போதாது. மாப்பிள்ளை கனடாவில். அவரால் கொழும்புக்கு வர முடியாது, விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள் என்று அவருடைய தாய்க்குப் பயம். அந்தக் காலத்தில் எங்கள் ஆட்களின் பாதிக் கலியாணம் இப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை ஒரு நாட்டிலிருந்து வருவார், பெண் இன்னொரு நாட்டிலிருந்து போவாள், இரண்டு பேருக்கும் ஊரில்லாத சென்னையில் ஒரு வாடகை மண்டபத்தில் தாலி ஏறும். ஒரு வருடம் தொலைபேசியிலேயே அவர்கள் கதைத்தார்கள். பாத்ரூம் கதவைச் சாத்திக்கொண்டு அவள் சிரிக்கிற சத்தம் எனக்குக் கேட்கும். அப்படி ஒரு சிரிப்பு அவளிடம் இருப்பது அதுவரை எனக்குத் தெரியாது.

முகூர்த்தம் வெள்ளிக்கிழமை காலை ஆறரைக்கு. அம்மாவும் அப்பாவும் முதலே சென்னைக்குப் போய்விட்டார்கள். இவளுக்கு இந்திய விசா இழுபட்டு இழுபட்டுப் புதன்கிழமைதான் கைக்கு வந்தது. வியாழன் பின்னேர விமானத்தில் இரண்டு பேருக்கும் ரிக்கற் இருந்தது. நான் மாப்பிள்ளைத் தோழன். பெண்ணின் சகோதரன் மாப்பிள்ளையின் கால் கழுவி மண்டபத்துக்குள் அழைத்து வரவேண்டும், அதற்காக எனக்கு இரண்டு நாள் லீவு. புது வேட்டியெல்லாம் வாங்கி வைத்திருந்தேன்.

வியாழன் விடிய ஆறு மணிக்கு வானொலியில் புயல். கிழக்கில் கரையேறி நாட்டைக் கடந்து இரவுக்குள் கொழும்புப் பக்கம் வரும் என்றார்கள். ஆறரைக்கு முதலாளி சிங்கப்பூரிலிருந்து தொலைபேசி எடுத்தார். "தம்பி, லீவெல்லாம் பிறகு பாப்பம். முதல்ல பிளேனைப் பாரும்."

"சேர், பின்னேரம் எனக்குப் பிளைற்..."

"பின்னேரத்துக்குத்தானே? அதுக்கிடையில முடியும்."

கட்டுநாயக்கவுக்குப் போய்ப் பட்டியலைக் கையில் எடுத்தேன். கொட்டகையில் இடம் இல்லை, பெரிய கொம்பனிகள் முந்திவிட்டன. அப்படியென்றால் வெளியே பறத்தவேண்டும். பக்கத்தில் தரிப்பிடம் இருக்கிற ஊர் எது? சென்னை! இறங்குகிற அனுமதி ஒரு மணித்தியாலத்தில் கிடைத்தது. புறப்படப் பகல் இரண்டு மணிவரை தந்தார்கள், அதற்குப் பிறகு ஓடுபாதையை மூடுகிறார்களாம். ஒரு தகரத்துக்கு நாட்டைவிட்டு வெளியேற ஒரு மணித்தியாலம் போதும். என் தங்கச்சிக்கு அந்த ஊருக்கு ஒரு முத்திரை குத்த மூன்று கிழமை. அந்த நேரமே எனக்குள் கொதிக்கத் தொடங்கிவிட்டது.

பத்து மணிக்குப் பயணிகள் விமானக்காரர் எடுத்தார்கள். பின்னேரப் பயணங்கள் எல்லாம் ரத்து, இனிச் சனிக்கிழமைதான் என்றார்கள். தொலைபேசியை வைத்துவிட்டு ஜன்னலால் பார்த்தேன். எங்கள் ஜெட் நின்றது. எட்டு இருக்கை. சென்னைக்கு. பெட்டிக்குள் என் காலிப் பயணக் கடிதம்.

அவள் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் வரவு இடாப்பை இன்னொரு ரீச்சரிடம் பாரம் கொடுக்கப் போயிருந்தாள். அங்கே எடுத்தேன்.

"பிள்ளை, வான் அனுப்புறன். பெட்டியோட வெளிக்கிட்டு வா. எங்கட பிளேன் சென்னைக்குப் போகுது."

"அண்ணா, பகிடி விடாதேங்கோ."

"சத்தியமா. வா."

அவள் சிரித்தாள், அந்தப் பாத்ரூம் சிரிப்பு. வான் வெள்ளவத்தைக்குப் போய்ப் பெட்டியை எடுத்து, கொட்டாஞ்சேனையில் அவளை ஏற்றி, பேலியகொடைப் பாலத்தடிச் சாவடியில் ஒரு தடவையும் விமான நிலைய வாசலில் ஒரு தடவையும் மறிபட்டு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே கால். கலியாணச் சேலையைக்கூட உதறிப் பார்த்து அனுப்பியிருந்தார்கள். மடிப்புக் குலைந்த சேலையை மடியில் வைத்துத் திருப்பி மடித்துக்கொண்டு, அந்த எஞ்சினியர் இருந்த அதே சோபாவில் அவள் இருந்தாள். மழை தொடங்கவில்லை, ஆனால் காற்றுக்குக் கதவு அடித்தது.

விமானி களனிப் பக்கத்துச் சிங்கள மனிதர், விமானப் படையிலிருந்து இளைப்பாறியவர். என்னைச் சிங்களத்தில் மல்லி, அதாவது தம்பி, என்றுதான் கூப்பிடுவார். அவளைப் பார்த்துவிட்டுச் சிங்களத்தில், "தங்கச்சியா? நாளைக்குக் கலியாணமா? ஏற்றிக்கொண்டு போவோமே மல்லி. பெயரை அனுப்பு. அமைச்சில் டியூட்டியில் இருப்பவன் என்னோடு இருந்தவன், நானும் ஒரு சொல் சொல்கிறேன்" என்றார்.

முதலாளியைக் கேட்காமல் செய்யக்கூடாது. பத்து மணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தேன், அவர் கூட்டத்தில் இருந்தார். பன்னிரண்டு இருபதுக்குத்தான் கிடைத்தார். சொன்னேன். காலிப் பயணக் கடிதத்தையும் ஞாபகப்படுத்தினேன்.

"நான் வேண்டாம் எண்டு சொல்லயில்லையே" என்றார். "உம்மட லிஸ்ற், உம்மட ரூல். நீரே யோசிச்சுச் செய்யும். ஆனா ஒண்டு, ரெண்டு மணிக்குப் பிளேன் நிலத்தில நிண்டா நாளைக்கு நீர் வரத் தேவையில்லை. பாசையும் குடுத்திட்டுப் போம்."

எவ்வளவு நல்ல மனம் பாருங்கள்! வேண்டாம் என்று சொல்லவில்லையாம். கத்தியை என் கையில் தந்துவிட்டு, வெட்டுவதும் விடுவதும் உன் இஷ்டம் என்கிற கண்டறியாத பெருந்தன்மை. அன்றைக்கு அவர் பக்கத்தில் நின்றிருந்தால் அந்தத் தொலைபேசியால் அவருடைய மண்டையை உடைத்திருப்பேன்.

உடைக்கவில்லை. நின்று யோசித்தேன். பெயர் ஒருமுறை பட்டியலில் ஏறிவிட்டால், பதில் வரும்வரை விமானம் அசையக்கூடாது என்பதுதான் சட்டம். அனுப்பிய பெயரைத் திருப்பி எடுக்கவும் இன்னொரு அனுமதி வேண்டும். ஐந்து மணித்தியாலம் இழுத்தால்? புயலுக்குள் விமானம் நிற்கும். வேலை போகும், பாஸ் போகும். பாஸ் இல்லாமல் வெள்ளவத்தையில் நான் யார்? அடுத்த சுற்றிவளைப்பில் லொறியில் ஏறுகிறவன். பயத்தைத்தான் அன்றைக்கு நான் பொறுப்பு என்று நினைத்தேன்.

"வேண்டாம் சேர்" என்று விமானியிடம் சொன்னேன். "பிந்திவிடும்."

"கேட்டுப் பார்ப்பதில் என்ன மல்லி?"

"வேண்டாம்."

அவர் என்னை ஒருமாதிரிப் பார்த்தார். பிறகு எங்கள் வழக்கப்படி சுவருக்கு முன்னால் நின்று பட்டியலை உரத்து வாசிக்கத் தொடங்கினார். விமானி ஒவ்வொரு வரியாக வாசிக்கவேண்டும், நான் ஒவ்வொன்றுக்கும் வாயால் பதில் சொல்லவேண்டும், தலையாட்டினால் கணக்கில்லை. அந்த வழக்கத்தையும் நான்தான் கொண்டுவந்தேன். எண்ணெய்? நிரப்பியாயிற்று. சக்கரக் கட்டைகள்? எடுத்தாயிற்று. சென்னையில் தரிப்பிடம்? கிடைத்தாயிற்று. பத்து வரியும் முடிந்தது.

பதினோராவது வரியை வாசித்துவிட்டு அவர் என் பக்கம் திரும்பி நின்றார். வேண்டுமென்றே ஆறுதலாக, அவசரமில்லாமல் நின்றார் என்று இப்போது விளங்குகிறது. எனக்கு அவர் தந்த கடைசி இடைவெளி அது.

"நே, சேர்" என்றேன். இல்லை. அந்த ஒரு சொல்லுக்குத் தங்கச்சிக்குச் சிங்களம் போதும்.

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். அவள் சேலையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு எழும்பி வந்து சுவரில் இருந்ததை வாசித்தாள். மேலிருந்து கீழே, கணக்கு ரீச்சர் வாசிக்கிற மாதிரி. கையெழுத்தில் கண் நின்றது.

"அண்ணா, இது நீங்க எழுதினதோ?"

"ஓம்."

"ஆர் எழுதச் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லயில்லை."

"ஒருத்தருமோ?"

வெளியே எஞ்சின் சத்தம் ஏறியது. இரண்டு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னாலேயே அது கிளம்பியது. எட்டு இருக்கையிலும் வெள்ளைத் துவாய் மடித்து வைத்திருந்தது, தண்ணீர்ப் போத்தலும் வைத்திருந்தது. ஆள் ஏறினாலும் ஏறாவிட்டாலும் வைப்பது எங்கள் ஒழுங்கு. ஒரு கலியாணப் பெண்ணை விட்டுவிட்டு எட்டுத் துவாய்களைச் சென்னைக்கு அனுப்பிவைத்தேன்.

புயலாவது ஒழுங்காக வந்ததா? அதுவும் இல்லை. வழியில் பலமிழந்து வெறும் மழையாகக் கொட்டியது. வெள்ளவத்தையில் கீழ்வீட்டு அன்ரியின் அன்ரெனா சரிந்தது, வேறு ஒரு மண்ணாங்கட்டியும் நடக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஆறரைக்கு நாங்கள் இரண்டு பேரும் அனெக்ஸில் இருந்தோம். மேசையில் கடிகாரம். அவள் அதைப் பார்க்கவில்லை, நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு அம்மா எடுத்து அழுதா. மண்டபத்தில் வந்தவர்களுக்குச் சாப்பாடு போட்டு அனுப்புகிறார்களாம்.

சனிக்கிழமை அவள் தனியே போனாள். இன்னொரு நாள் வைத்திருக்கலாம், மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு கிழமை லீவு இருந்தது. தாய்க்காரி முடியாது என்றுவிட்டா. "முகூர்த்தம் தவறின பொம்பிளை. தடங்கல் எண்டு கடவுளே காட்டிப்போட்டார்" என்று எங்கள் அம்மாவின் முகத்துக்கு நேரே சொன்னாவாம். கடவுள் எங்கே காட்டினார்? காட்டியது நான்! ஒரு வருடம் தொலைபேசியில் குழைந்த அந்த வீரர், தாய்க்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு நின்றாராம். கனடாவில் பனி வழிக்கிற மனிதனுக்கு இரண்டு வார்த்தை கதைக்க வாய் உறைந்துபோயிற்று. அந்தத் தாயையும் மகனையும் நினைத்து நான் பல்லைக் கடிக்காத நாள் இல்லை. ஆனால் அவர்களைத் திட்டி முடிய, ஒவ்வொரு தடவையும் நான் வந்து நிற்பது அந்தச் சுவருக்கு முன்னால்தான்.

புதன்கிழமை அவள் அதே பெட்டியோடு திரும்பி வந்தாள். என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் ஒரு சண்டை பிடித்து அழுது தீர்த்திருப்பேன். அடுத்த நாளே பஸ் ஏறிக் கொட்டாஞ்சேனைக்குப் படிப்பிக்கப் போனாள். ஒன்று மட்டும் சொன்னாள்: "உந்தப் பிளேன் சாப்பாட்டை இனி வீட்டுக்க கொண்டு வராதேங்கோ." நான் கொண்டுவரவில்லை.

ஆறு மாதம் கழித்து, விமானம் யாரையோ ஏற்ற அவசரமாகச் சென்னைக்கு வெறுமையாகப் போகிற ஒரு நாள் வந்தது. காலை ஒன்பது பத்துக்குப் பெயர்ப் பட்டியல் அனுப்பவேண்டும். விமானியின் பெயரைத் தட்டச்சு செய்தேன், துணை விமானியின் பெயரைச் செய்தேன். பிறகு, அவளுக்குச் சொல்லாமல், அவளுடைய பெயரையும் பிறந்த இடத்தையும் சேர்த்தேன். அவளுக்கு அன்றைக்குச் சென்னையில் ஒரு வேலையும் இல்லை. எனக்குத்தான் வேலை. அந்தப் பெயர் நிராகரிக்கப்படவேண்டும். குறைந்தது ஐந்து மணித்தியாலமாவது அது கிடந்து அழுகவேண்டும். விமானம் நின்றால் நிற்கட்டும், முதலாளி கத்தினால் கத்தட்டும், வேலை போனால் மயிராச்சு. அன்றைக்கு நான் செய்தது சரி என்று அந்தச் சீருடைக்காரர்கள் எனக்கு எழுத்தில் தரவேண்டும். என் இனத்தைப் படுத்துகிற பாட்டுக்கு அந்த ஒரு உதவியாவது செய்யமாட்டார்களா?

ஒன்பது ஐம்பதுக்கு பக்ஸ் கரகரத்தது. மூன்று பெயருக்கும் அனுமதி.

நான் அமைச்சுக்குத் தொலைபேசி எடுத்தேன். மூன்றாவது பெயரைச் சரியாகப் பார்த்தீர்களா என்று கேட்டேன். யாழ்ப்பாணத்தில் பிறந்தவர் என்றேன். பைத்தியக்காரன் போலத்தான் கேட்டிருப்பேன். அந்த அதிகாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "பார்த்துத்தான் அனுப்பினோம். உங்களுக்கு அனுமதி வேண்டுமா, வேண்டாமா?" என்று சிங்களத்தில் கத்தினான்.

"அப்படியென்றால் அந்த எஞ்சினியருக்கு ஏன் ஐந்து மணித்தியாலம்?"

"எந்த எஞ்சினியர்?" என்றான்.

அவனுக்கு ஞாபகமே இல்லை. அன்றைக்கு யாருக்குச் சோம்பலோ, யாருக்குக் கொழுப்போ. சில நாள் ஐந்து மணித்தியாலம், சில நாள் நாற்பது நிமிடம். எது எப்போது என்று அவர்களுக்கே தெரியாது. அதை நான் சட்டமாக எழுதிக் கையெழுத்து வைத்துச் சுவரில் மாட்டினேன். அவர்கள் கதவைப் பூட்டாத நாளிலும் அது பூட்டிக் கிடக்கும்படி.

சுவரில் இருந்ததைக் கழற்றிக் கிழித்தேன். பிளாஸ்ரிக் உறை கிழியாமல் கையை வெட்டியது. அடுத்த நாள் முதலாளியின் காரியதரிசிப் பெண் கணினியிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து, என் கையெழுத்தோடு அதே ஆணியில் மாட்டிவிட்டாள்.

பக்ஸ் தாளை வீட்டுக்குக் கொண்டுபோனேன். ஏன் கொண்டுபோனேன் என்று கேட்காதீர்கள். ஒளித்து வைத்திருந்தால் எனக்கு நெஞ்சு வெடித்திருக்கும். பின்னேரம் அவள் மேசையில் பிள்ளைகளின் கணக்குக் கொப்பிகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். முன்னால் வைத்தேன். தன் பெயரைப் பார்த்தாள். அனுப்பிய நேரம், பதில் வந்த நேரம் இரண்டையும் பார்த்தாள். சிவப்புப் பேனையால் இரண்டுக்கும் கீழே கோடு போட்டாள்.

"நாப்பது நிமிசம்" என்றாள்.

"ஓம்."

"அண்டைக்கு நான் வந்து சேரேக்க எத்தினை மணி?"

"பன்னிரண்டே கால்."

"பிளேன் எத்தினை மணிக்கு?"

"ரெண்டுக்கு."

"அப்ப எவ்வளவு நேரம் இருந்தது, அண்ணா?"

கழித்துப் பார்க்கச் சின்னக் கணக்கு. வகுப்பில் பதில் தெரியாத பிள்ளைக்காகக் காத்திருக்கிற மாதிரி, பேனையைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தபடி இருந்தாள். நான் சொல்லும்வரை அடுத்த கொப்பியை எடுக்கவில்லை.

"ஒண்டே முக்கால் மணித்தியாலம்" என்றேன்.